ஏழாம் நம்பர் ஓடு

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

பதினொரு தடவை போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்ததே தவிர நீங்கள் எடுக்கவில்லை. பன்னிரண்டாவது தடவை பெரியத்தான் எடுத்து, "அவ வேலையா இருக்காம்மா, ஏதாவது சொல்லணும்னா எழுதச் சொன்னா" என்றார். எழுதச் சொன்னீர்களாமே! அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் பதிமூன்று வருஷம் ஒரே அடுப்பில் சமைத்த ஓரகத்திகள் நாம். இப்போது பெரிய அதிகாரிக்கு மனுப் போடுவதுபோல் நான் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது. சரி, மனுவே போடுகிறேன்.

இங்கே ஒரு கைவினைப் பள்ளியில் பீங்கான் பிரிவுக்கு நிரந்தர ஆசிரியை தேடுகிறார்கள். மூன்று மாதமாகத் தற்காலிகமாக நான்தான் பாடம் எடுக்கிறேன். பதினெட்டுப் பேர் படிக்கிறார்கள். என் கடல் தட்டுகளைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். அதிலும் அந்த நுரை. நீலத்துக்கு மேல் வெள்ளைக் கிளேஸ் பூச்சு பொரிந்து, கிழிந்து, கரையில் ஒதுங்கி நிற்கும் அந்த நுரையைப் பார்த்துவிட்டு முதல்வர் அம்மா தட்டைக் கீழேயே வைக்கவில்லை. வேலை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அவர் மேஜை மேல் நம் பட்டறையின் கையேடு கிடந்தது. பெரியத்தான் அச்சடித்தாரே, அதுதான். மூன்றாம் பக்கத்தில் நுரைத் தட்டுகளின் படம். கீழே உங்கள் பெயர். உங்கள் பெயர் மட்டும். "இது அவங்க கண்டுபிடிச்சதுன்னு போட்டிருக்கே?" என்று கேட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வீட்டைவிட்டுக் கிளம்பியதும் இந்த மூன்றாம் பக்கத்தால்தான். வீடு பிரித்ததால் என்று ஊருக்குச் சொன்னோம். உங்களுக்குத் தெரியும்.

எனக்கு வேண்டியது நாலு வரி. நுரையைக் கண்டுபிடித்தது நான்தான் என்று உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம். மார்ச் 15-க்குள் தேர்வுக் குழுவிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்று. இங்கே ஒரு கடையில் உங்கள் புதுத் தட்டுகளைப் பார்த்தேன். நீலம் அப்படியே இருக்கிறது. நுரை செத்துக் கிடக்கிறது. சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது, அக்கா. உங்களுக்கு அதில் அக்கறை போய்விட்டதென்றால் விட்டுவிடுங்கள், அதை ஏன் இப்படிக் கொலை செய்கிறீர்கள்?

கோபமாகத்தான் எழுதுகிறேன். நாலு வரி அனுப்புங்கள்.

இளையவள்


பிப்ரவரி 13

அவசரக்குடுக்கைக்கு,

உன் மனு வந்தது. நீ எழுதினாலும் வாய் வலிக்காமல் பேசுவதுபோலத்தான் இருக்கிறது. படித்து முடித்ததும் எனக்கே காது இரைந்தது.

சின்னவனுக்குப் பல் விழுந்ததா? முன் பல்லா? கொழுந்தனார் மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறாரா, இல்லை அதே வீம்புதானா? இங்கே எல்லோரும் நலம். மேல்மாடி அறையை நான் பெற்ற உன் மகளுக்கே கொடுத்துவிட்டேன். ஏறி இறங்க யாரால் முடியும்! அவளை என் மகள் என்று நான் சொல்ல முடியுமா? வாயைத் திறந்தால் அச்சு அசல் நீதான்.

சூளையில் இரண்டாவது சூட்டுக் கம்பி போய்விட்டது. மாற்ற ஆள் வந்தான். உன்னைப் போலவே சூடு ஆறுமுன் கதவைத் திறக்கப் பார்த்தான். "தம்பி, எங்க வீட்டுலயே ஒருத்தி இருந்தா, அவ திறந்து வெடிச்ச தட்டு இன்னும் தோட்டத்துல கிடக்கு" என்றேன்.

பள்ளி விஷயம். நீ பாடம் எடுக்கப் பிறந்தவள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நுரையை எதற்குப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய்? நீலத்தைச் சொல்லிக்கொடு. நீ கலந்த அந்தப் பச்சை நீலத்தை எத்தனை பேரால் கலக்க முடியும்? ஓட்டின் விளிம்பில் சிப்பி ஒட்டிய மாதிரிச் சொரசொரப்பு கொண்டுவந்தாயே, அதைச் சொல்லிக்கொடு. நுரைதான் வேண்டுமென்றால் காய்ந்த பூச்சை வாயால் ஊதாதே. கிளேஸ் ஈரமாக இருக்கும்போதே பஞ்சால் ஒற்றி எடு. பார்க்க வேறு மாதிரி இருக்கும், இருக்கட்டுமே. ஈரத்தில் செய். காய்ந்த பிறகு தொடாதே.

போன் மணி கேட்கவில்லை. பட்டறையில் இருந்திருப்பேன்.

அக்கா

கடையில் பார்த்த தட்டைப் பற்றி நீ சொன்னது சரி. நன்றாக வரவில்லை.


பிப்ரவரி 19

அக்கா,

நாலு வரி கேட்டேன். நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதில் அந்த நாலு வரி மட்டும் இல்லை. பல் விழுந்ததா என்று கேட்கத் தெரிகிறது. தைலம் தேய்த்தாரா என்று கேட்கத் தெரிகிறது. நுரை யாருடையது என்று எழுத மட்டும் பேனா நின்றுவிடுகிறது.

மறந்துவிட்டதென்றால் ஞாபகப்படுத்துகிறேன். நாம் இரண்டு பேரும் கடலைப் பார்த்ததே இரண்டு தடவைதான். முதல் தடவை நம் வீட்டுக்காரர்கள் இருவரும் பஸ் நேரத்துக்காகக் கரையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் முழங்கால் தண்ணீரில். அலை திரும்பிப் போனதும் மணலில் நுரை ஒரு நிமிஷம் நின்று, ஓட்டை ஓட்டையாக உடைந்து போனது. "இதை மட்டும் ஒரு தட்டுல நிக்க வச்சுட்டா போதும்டி" என்றீர்கள். சொன்னது நீங்கள். நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் என்ன பாடுபட்டோம்! தூரிகையால் தீட்டினோம், கந்தல் துணியால் ஒற்றினோம், சோப்புநுரையைக்கூட ஊற்றிப் பார்த்தோம். ஆறு சோதனை ஓடுகள், ஆறும் குப்பை.

ஏழாவது ஓட்டில் வெள்ளைக் கிளேஸ் பூசிக் காய வைத்திருந்தேன். எடுக்கப் போனபோது மூக்கில் என்னமோ நமைச்சல். நேராக ஓட்டின் மேலேயே தும்மினேன். காய்ந்த மாவு பறந்துவிட்டது. கழுவிவிட்டு மறுபடி பூச வேண்டும், எனக்கோ சோம்பல். "கிடக்கட்டும் போ" என்று அப்படியே சூளையில் வைத்தேன். மறுநாள் திறந்தால் நீலத்தின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைப் பொட்டுகள், ஓரம் கிழிந்து, மணலில் பார்த்த அதே நுரை. நீங்கள் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "ஏய், இன்னொரு தடவை தும்முடி" என்றீர்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

தும்மலை வரவழைக்க முடியாது, அதனால் ஊதினோம். எனக்கு மூச்சுப் பத்தாது, நாலு ஊதலில் தலை சுற்றும். உங்களுக்குத்தான் நெஞ்சு. தெருமுனையில் போகிறவனை வீட்டுக்குள்ளிருந்தே கூப்பிட்டு நிறுத்துவீர்களே! நீங்கள் ஊதினீர்கள், நான் பக்கத்தில் இருந்து "இடது பக்கம், மெதுவா, இப்ப ஓங்கி" என்று சொன்னேன். காற்றில் மாவு கலைந்துவிடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியது நான். ஜன்னலைச் சாத்தச் சொன்னது நான். அந்த வேலை முழுக்க என் மூளை. இருபத்திமூன்றாம் ஓடு வந்தபோது, அடர்த்தியாக, ஓட்டையே தெரியாமல், ஓடு முழுக்க நுரை. நீங்களே சொன்னீர்கள், "இது உன்னோடதுடி" என்று. வாயால் சொன்னதைக் கையால் எழுத என்ன கேடு?

வீட்டைப் பிரித்தபோது சூளை உங்களுக்கு, சக்கரம் எனக்கு என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நுரையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று யார் சொன்னது?

பஞ்சால் ஒற்றச் சொல்கிறீர்கள். நான் அந்த நுரையைச் செய்யக் கூடாது, அதுதானே? நேற்றுதான் வகுப்பில் ஆரம்பித்தேன். பதினெட்டுப் பேரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஊதினார்கள். அறை முழுக்க வெள்ளை. ஒரு பெண்ணுக்கு உங்கள் நெஞ்சு இருக்கிறது. முதல் தடவையிலேயே பத்தாம் ஓடு அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பொறாமைப்பட ஆள் இருக்கிறது, பாருங்கள்.

மார்ச் 15. நாலு வரி.

இளையவள்


பிப்ரவரி 24

அடியே,

ஜன்னலைத் திற. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்த் திற. பதினெட்டுப் பேரையும் ஊத விடாதே. விளையாடவில்லை.

ஒரு பேரம் பேசுகிறேன். நாலு வரி என்ன, நாற்பது வரி எழுதித் தருகிறேன். ஊதும் வேலையை வகுப்பில் நிறுத்திவிட்டேன் என்று நீ எனக்கு ஒரு வரி எழுது. ஈரத்தில் மட்டும் செய்வோம் என்று எழுது. அதன் பிறகு என் கடிதம் வரும். ஏன் என்று கேட்காதே, கொஞ்ச நாளைக்கு.

கையேட்டைப் பற்றி நீ இரண்டு வருஷமாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறாய். பெரியத்தான் அச்சடித்ததால் அவர் தவறு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அச்சுக்குப் போகுமுன் தாளை என்னிடம் காட்டினார். "சின்னவ பேரு எங்க போடணும்?" என்று கேட்கவும் கேட்டார். நான், "நிறையப் பேரு போட்டா படிக்கிறவங்களுக்குக் குழப்பம்" என்றேன். எனக்கு அப்போது நாற்பத்தி நாலு வயது. உன்னிடம் எப்போதும் ஏதாவது புதிதாக இருந்தது. என்னிடம் இருந்தது ஊதுகிற நெஞ்சு மட்டும்தான். ஊதி ஊதி அது என்னுடையதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பொறாமைதான். வேறு பெயர் வைக்க முடியாது. நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேனே, அது கோபத்தில் இல்லை, வெட்கத்தில்.

இத்துடன் ஒரு பொட்டலம். வைக்கோலுக்குள் ஏழாம் நம்பர் இருக்கிறது. உன் தும்மல். அது உன்னிடம்தான் இருக்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் உனக்கு இருமல் வருகிறதா? வறட்டு இருமல். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? நேராகப் பதில் சொல்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

பொட்டலத்தைச் சின்னவன்தான் பிரித்தான். "இது என்னம்மா, ஓட்டுல எச்சில் தெறிச்ச மாதிரி இருக்கு" என்றான். சரியாகத்தான் சொன்னான். கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பொறாமை என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது, ஏனென்றால் அதே கடிதத்தில் மறுபடியும் அதையே செய்கிறீர்கள்.

நிபந்தனையோடு ஒருத்தி நியாயம் கொடுப்பாளா? என்னுடையது என்று எழுதித் தருவீர்கள், ஆனால் நான் அதைச் செய்யக் கூடாது. பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுத் தொடாதே என்கிற கதை. "ஏன் என்று கேட்காதே" என்று வேறு. நான் கேட்காமல் இருந்து என்றைக்குப் பார்த்திருக்கிறீர்கள்?

ஈரப்பஞ்சில் செய்து பார்க்காமலும் இல்லை. உங்கள் பேச்சுக்காக ஐந்து ஓடு செய்தேன். உங்கள் கடைத் தட்டு மாதிரியே வந்தது. நுரைக்கு உயிர் கொடுப்பது அந்த மூச்சுதான், அக்கா. அது இல்லாவிட்டால் வெறும் வெள்ளைப் பூச்சு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்.

இருமல் வருகிறதா என்று கேட்டீர்கள். வருகிறது. குளிர்காலத்தில் யாருக்குத்தான் வரவில்லை? எப்போதிருந்து வைத்தியம் பார்க்க ஆரம்பித்தீர்கள்?

வகுப்பை நிறுத்தவில்லை. ஜன்னலை மட்டும் ஒரு நாள் திறந்து வைத்துப் பார்த்தேன். காற்றடித்து ஆறு தட்டு வீணானது. மறுபடி சாத்திவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கம் ஒரு வேலையாக வருகிறேன். நேரில் வந்து, உங்கள் கையைப் பிடித்து எழுத வைத்து வாங்கிக்கொண்டுதான் போவேன். பெரியத்தானிடம் சொல்லிவிடாதீர்கள், பலகாரம் அது இது என்று அமர்க்களம் செய்வார்.

இளையவள்


மார்ச் 10

சின்னவளே,

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். வாசல் கதவைத் தட்டவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பார்த்திருக்கிறாள். "உங்க ஓரகத்தி பட்டறை ஜன்னல் பக்கம் நின்னுக்கிட்டிருந்தாங்க, நான் கூப்பிட்டேன், வாயைப் பொத்திக்கிட்டு ஓடிட்டாங்க" என்றாள். ஜன்னல் திண்டில் நீ வைத்துவிட்டுப் போன ஆரஞ்சுப் பழங்கள் இருந்தன. ஒன்று கீழே விழுந்து நசுங்கியிருந்தது.

அப்படியென்றால் பார்த்துவிட்டாய். மூக்கில் குழாய். பக்கத்தில் அந்த உறுமுகிற மிஷின். மடியில் ஒரு தட்டு. நான் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுரை உன் காரியத்துக்கு வேண்டும் என்றாயே, கடைசியாக ஒன்று ஒழுங்காகச் செய்து அனுப்பலாம் என்று ஓர் அசட்டு ஆசை. மூன்றாவது ஊதலிலேயே கண் இருட்டிவிட்டது. மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். நீ போனது எப்போது என்று எனக்குத் தெரியாது. நீ உள்ளே வந்திருந்தால் நானும் என்ன பேசியிருப்பேனோ.

இனி மறைக்க என்ன இருக்கிறது? போன் எடுக்காததற்குக் காரணம் இதுதான். இரண்டு வார்த்தை பேசினால் இருமல். நீ கேட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவாய். எழுத்தில் இருமல் தெரியாது என்று எழுதச் சொன்னேன்.

போன வருஷம் ஜூனில் தெரிந்தது. அதற்கு முன்னாலேயே ஒரு வருஷம் இருமிக்கொண்டிருந்தேன், சளி என்று நினைத்தேன். டாக்டர் முதலில் மருந்து கொடுத்தார், அப்புறம் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக, அடர்த்தியாக, இடைவெளியே இல்லாமல். எனக்கு ஒரு நிமிஷம் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. "இருபத்திமூணு! நல்லா வந்திருக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெரியத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கிளேஸில் கல்மாவு இருக்கிறதல்லவா, கண்ணுக்குத் தெரியாத தூள், அது உள்ளே போனால் வெளியே வராதாம். நுரையீரல் அதைச் சுற்றித் தழும்பு கட்டிக்கொண்டே போகுமாம். "ஊதறதுக்கு முன்னாடி மூச்சை இழுப்பீங்களே, எங்கிருந்து இழுப்பீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். தட்டுக்கு நேர் மேலே குனிந்து, மாவு பறந்துகொண்டிருந்த அந்தக் காற்றிலிருந்துதான் இழுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும். மருந்து உண்டா என்றேன். இல்லை என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னார், அது பிடித்திருந்தது. எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு மட்டும் சுற்றி வளைத்தார்.

இதை உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ தரையில் காலை உதைப்பாய். சொல்லியிருந்தால் நீ முதலில் எதை நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். ஜன்னலைச் சாத்தியது யார், மின்விசிறியை நிறுத்தியது யார் என்று ஆரம்பிப்பாய். அதையேதான் போன மாதம் நீயே வரிசையாக எழுதி, எல்லாம் என் மூளை என்று அனுப்பினாய். படித்ததும் அதை மடித்துத் தலையணைக்கு அடியில் சொருகினேன். இந்தக் கடிதத்தை ஒரு நாள் இவள் நினைத்துப் பார்ப்பாளே என்று. நுரை உன்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் இதையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். அதனால் பேரம் பேசினேன். முட்டாள்தனம். பதினெட்டுப் பேர் அங்கே ஊதிக்கொண்டிருக்கும்போது எனக்கு என்ன பேரம்?

கேள். அறிவோடு கேள். ஜன்னலைச் சாத்தச் சொன்னது நீ. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள் என்று நீ எத்தனை தடவை சொன்னாய்? கண்ணாடியில் ஆவி படிகிறது, கோடு தெரியவில்லை என்று அவிழ்த்து எறிந்தது நான். நீ போன பிறகும் ஒரு வருஷம் தனியாக ஊதினேன், நீ இல்லாமலும் முடியும் என்று காட்டுவதற்காக. யாரிடம் காட்டினேன் என்று தெரியவில்லை. நுரை உன்னுடையது. மீதியெல்லாம் நான் செய்துகொண்டது.

குழுவுக்கு எழுதியது உள்ளே இருக்கிறது. ஒட்டவில்லை, படித்துப் பார். கொடுத்தால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கொடுப்பதும் கொடுக்காததும் உன் கையில். எப்படியானாலும் வகுப்பை நிறுத்து. நீயும் போய் நெஞ்சை ஒரு படம் எடு. ஒன்பது வருஷம் என் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்று "இடது பக்கம், இப்ப ஓங்கி" என்று கத்திக்கொண்டிருந்தவள் நீ. கத்துவதற்கும் மூச்சு இழுக்க வேண்டும்.

இதை எழுத ஆறு நாள் ஆகும் என்று நினைத்தேன். இரண்டே நாளில் முடிந்துவிட்டது.

அக்கா

(உள்ளே இருந்த தாள்)

கைவினைப் பள்ளியின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். கடல் தட்டுகளில் உள்ள நுரை வேலையைக் கண்டுபிடித்தவள் என் ஓரகத்தி. முழுக்க முழுக்க அவள்தான். எங்கள் பட்டறைக் கையேட்டில் அவள் பெயர் இல்லாதது அச்சுப் பிழை அல்ல, என் பொறாமை. அதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வேலையை ஒன்பது வருஷம் அவளோடும், ஒரு வருஷம் தனியாகவும் செய்தவள் நான். காய்ந்த கிளேஸை வாயால் ஊதிச் செய்வது அது. அதனால் என் நுரையீரல் இரண்டும் கெட்டுவிட்டன. டாக்டரின் தாளும் படத்தின் நகலும் இணைத்திருக்கிறேன். இந்த வேலையை உங்கள் பள்ளியில் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஈரத்தில் செய்தால் இந்த நுரை வராது. இதைச் செய்ய எங்களுக்கு வேறு வழி தெரியாது.

என் ஓரகத்தி நல்ல ஆசிரியை. கோபம் வரும், அரை மணி நேரத்தில் போய்விடும். நீல நிறம் கலப்பதில் அவளுக்கு ஈடு நான் பார்த்ததில்லை. நுரை இல்லாமலும் அவளை வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரி


மார்ச் 21

அக்கா,

உங்கள் தாளை மூன்று நாள் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். பொய் சொல்லப் போவதில்லை. முதல் நாள் கத்தரிக்கோலை எடுத்து, முதல் பத்தியை மட்டும் வெட்டிக் கொடுத்தால் என்ன என்று பார்த்தேன். உங்கள் கையெழுத்து, உங்கள் வாசகம், எல்லாம் உண்மை. நான் கேட்ட நாலு வரி அதில் சரியாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன்.

ஜன்னலில் நின்று உங்களைப் பார்த்தபோது எனக்குக் கதவைத் தட்டக் கை வரவில்லை. நீங்கள் குனிந்து மூச்சு இழுத்தீர்கள். உங்கள் தோள் இரண்டும் மேலே ஏறின, ஆனால் ஒன்றும் வரவில்லை. தட்டில் மாவு அசையவே இல்லை. தெருமுனை வரை கேட்கிற அந்த அக்கா எங்கே போனாள் என்று நின்றேன். அந்த ஜன்னல் சாத்தியிருந்தது. அந்தக் கொக்கியை மேலே மாட்டுவதற்கு எனக்கு மட்டும்தான் கை எட்டும் என்று என்னைக் கேலி செய்வீர்களே, நினைவிருக்கிறதா? கூடாதென்று நீங்கள் எழுதினாலும் அதைத்தான் நினைத்தேன். அதைத்தான் நினைப்பேன். அறிவோடு கேள் என்றீர்கள். எனக்கு அவ்வளவு அறிவு இல்லை.

மூன்றாம் நாள் வகுப்பில் கிளேஸ் வாளிகளை மூடி வைத்துவிட்டு வெறும் நீலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் நெஞ்சு இருக்கிறது என்று எழுதினேனே, அந்தப் பெண், பழைய தட்டைத் துடைக்கப் போய்த் தும்மினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு நேராக முதல்வர் அறைக்குப் போய், முழுத் தாளையும் மேஜை மேல் வைத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். எழுந்து தாமாகவே ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷிதான். "பசங்க எத்தனை நாள் ஊதினாங்க?" என்றார். பன்னிரண்டு வகுப்பு என்றேன். எல்லாரையும் டாக்டரிடம் காட்டினார்கள். அவ்வளவு நாளில் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு செய்தி உங்களுக்கு. அதற்கப்புறம் முதல்வர், "உங்க அக்கா கேட்டிருக்காங்க, எனக்கும் ஆசைதான். ஆனா குழுவுல உங்களை எடுக்கணும்னு சொன்னதே அந்த நுரைக்காகத்தான். நீலம் கலக்கிறவங்க ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க" என்றார். மாதக் கடைசியோடு முடிகிறது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தைலப் புட்டியை எடுத்துத் தாமாகவே தேய்த்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று மறுநாள் அவரே வாயைத் திறந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. பெரியத்தானிடம் சொல்லிவையுங்கள், பலகாரம் செய்தாலும் பரவாயில்லை.

நுரை என்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது எழுத்தில் இருக்கிறது, கையெழுத்தோடு, குழுவின் முத்திரையோடு ஒரு கோப்பில். யாருமே மறுக்க முடியாது. அதை எடுத்துக்கொண்டு நான் எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. நாலு வரிக்காக உங்களை எவ்வளவு பேசினேன்! செத்துக் கிடக்கிறது, கொலை செய்கிறீர்கள் என்றெல்லாம் எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள், அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன், போடுங்கள்.

நேற்று படம் எடுத்தேன். அறைக்குள் தனியாகத்தான் போனேன். இங்கேயும் டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உங்களுடையது மாதிரி அடர்த்தி இல்லை. வலது பக்கம் மேலே, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டுகள், ஓரம் கிழிந்து. "நிறைய இல்லை, ஆனா இருக்கு. போகாது. வளருமான்னு வருஷா வருஷம் பார்க்கணும்" என்றார். வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து நீங்கள் அனுப்பிய ஓட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். வித்தியாசமே இல்லை.

எனக்கு ஏழாம் நம்பர், அக்கா.

அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறோம். அதுவரைக்கும் தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் அடிப்பேன். எடுங்கள். பேச வேண்டாம், எடுத்தால் போதும். இருமல் வந்தால் வரட்டும். இந்தப் பக்கத்திலும் வரும்.

உங்கள் சின்னவள்